கையைக் கீழே போடச் சொன்ன விளக்கு

அவளை ஊரே சைகையக்கா என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை வாயால் சொல்ல முடியாது. வலது கன்னத்து மச்சத்தின் மேல் ஒரு விரலால் இரண்டு தட்டு, அதுதான் பெயர். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. கேட்காதவர்கள் ஆளுக்கொரு சைகையைப் பெயராக வைத்துவிடுவார்கள், ஒருத்தரையும் விட மாட்டார்கள். நகரமன்றத் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டே பேசுவார், அவர் பெயர் மீசை. மன்றச் செயலர் மூக்குக் கண்ணாடியை எப்போது பார்த்தாலும் மேலே தள்ளிக்கொண்டிருப்பார், அவர் கண்ணாடி. சைகையக்காவின் புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர், அவர் ஸ்டீயரிங். சும்மா சொல்லக் கூடாது, நமக்கெல்லாம் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைக்க வராது.

நாலு வயதிலேயே அவள் வீட்டுக்கு வாயும் காதும் ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரி, வங்கி, கடை, எங்கே போனாலும் அப்பா அவளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார். ஒரு நாள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, இந்த ஊமைப் பயலுக்கு வீட்டை வாடகைக்கு விட்டது என் புத்திகெட்டத்தனம் என்று கத்தினார். அதை எந்தப் பிள்ளை போய் அப்பாவிடம் சொல்லும்? குழாய் ஒழுகுகிறதாம், பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று கையாலேயே பூசி மெழுகினாள். அப்பா வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். குழாய்க்கு இவ்வளவு கோபம் வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன? விடாமல் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே அவளிடமிருந்து வாங்கினார். அந்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவளை எதிரே உட்கார வைத்துச் சொன்னார்: எங்களுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று உன் கை முடிவு பண்ணக் கூடாது.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. அவள் கையே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. நீதிமன்றத்தில் சாட்சிகளுக்கு, பிரசவ அறையில் தாய்மார்களுக்கு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ச் சைகை செய்து கொடுத்தாள். அப்போதுதான் கேட்காதோர் சங்கம் வழக்குப் போட்டது. மன்றக் கூட்டத்தை உள்ளூர்க் கேபிளில் காட்டுகிறீர்கள், நாங்களும்தானே ஓட்டுப் போடுகிறோம், எங்களுக்கும் புரிய வேண்டாமா என்று கேட்டார்கள். கூட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை படம் அறுபடக் கூடாது, திரையின் ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் தெரிய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மன்றம் முனகிக்கொண்டே அவளை வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது.

தலைவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மூலை. அங்கே ஒரு நீலத் துணி, அவளுக்கென்று ஒரு கேமரா, கேமரா தலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. முதல் நாளே செயலர் வந்து சொல்லிவிட்டார்.

"விளக்கு எரியற வரைக்கும் சத்தம் வெளியே போகும். அணைஞ்சா மைக் கட்டுனு அர்த்தம். நீங்களும் கையைக் கீழே போட்டுட்டு நில்லுங்க, போதும்."

தீர்ப்பில் படம் அறுபடக் கூடாது என்றுதான் இருந்தது, சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சந்தில் எந்த மகராசனோ புகுந்து, தலைவர் மேஜைக்கு அடியில் ஒரு பொத்தானை வைத்துவிட்டான். வேண்டாத பேச்சு வந்தால் தலைவர் கை மேஜைக்கு அடியில் போகும், வீடுகளில் சத்தம் நின்றுவிடும். ஜனங்கள் டிவி தலையில் நாலு தட்டுத் தட்டி, கேபிள்காரனின் குலத்தையே திட்டிவிட்டு டீ போடப் போய்விடுவார்கள். பாவம், அந்தக் கேபிள்காரன் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை.

ஆறு வருடமாகச் சைகையக்கா விளக்கு அணைந்ததும் கையைக் கீழே போட்டாள். முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. மகள் கல்லூரியில் படிக்கிறாள், வீட்டு வாடகை இருக்கிறது, ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நம்மில் யார் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நின்றிருப்போம், சொல்லுங்கள் பார்க்கலாம்.

உறுத்தல் திரும்ப வந்தது அம்மாவால்தான். அம்மா அவளோடுதான், ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் இருந்த வீட்டில் இருந்தாள். கூட்ட நாளென்றால் கேட்காத சிநேகிதர்கள் எல்லாம் அங்கே வந்துவிடுவார்கள். கழுத்தில் டேப்போடு தையல்காரம்மா, காதில் பென்சிலோடு தச்சர், இஸ்திரிக் கடைப் புருஷன் பெண்டாட்டி. கூட்டம் காட்டும் கேமரா மண்டபத்தின் கடைசிச் சுவரில், உச்சியில் இருந்தது. அதில் தலைகள் தெரியும், தூக்கினால் கை தெரியும், வாய் தெரியாது. அதனால் மகளின் கை கீழே போகும்போதெல்லாம் உள்ளே பேச்சு நின்றுவிட்டது என்றே அம்மா நினைத்துக்கொண்டாள். மற்ற இடங்களில் எல்லோரும் வாயை மூடாமல் பேசுகிறார்கள், இந்த மீசை மட்டும் அடிக்கடி பேச்சை நிறுத்தி யோசிக்கிறார், நல்ல மனுஷன் என்று சிநேகிதர்களிடம் சொல்வாள். அவருக்குத்தான் ஓட்டும் போட்டாள். சைகையக்கா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அன்றைக்குக் கூட்டத்துக்குப் புதிய பொறியாளர் வந்திருந்தார். மழைக்காலம் முடிந்து ஆற்றில் இறங்கிப் பார்த்த மனுஷன், கால்சட்டையில் இன்னும் சேறு. அவர் எழுந்து பாலம் என்று தொடங்கியதுமே தலைவர் கை மேஜைக்கு அடியில் போனது. விளக்கு அணைந்தது. சைகையக்கா வழக்கம்போலக் கையைக் கீழே போட்டாள்.

"நடுத் தூணுக்கு அடியில மண்ணே இல்லை," என்றார் பொறியாளர். "தண்ணி அரிச்சுட்டுப் போயிருக்கு. இன்னைக்கே பஸ், லாரி எல்லாத்தையும் நிறுத்தணும். எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. ஆனா இறங்கும்."

அவள் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் நிலையத்துக்கும் அக்கரைக்கும் நடுவில் நாள் முழுக்கப் போய்வருவது அவள் புருஷனின் பஸ். மில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் படியில் தொங்குகிற மதிய நடை இதோ கிளம்பப் போகிறது. ஒரு போன் போட்டால் போதும். ஆனால் மண்டபத்துக்குள் போனுக்கு அனுமதி இல்லை, எல்லோருடைய போனும் வெளியே அலமாரியில், சாவி செயலர் பாக்கெட்டில்.

தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. போன வருடம்தான் பாலத்துக்கு வெள்ளையடித்து நம் பேரைக் கல்லில் பொறித்து வைத்தோம், இப்போது போய் மூடினால் அக்கரையில் ஒரு ஓட்டு விழாது என்றார். மூன்று தேர்தலாக விழாத பாலம் இன்னும் ஒரு தேர்தல் தாங்காதா என்று யாரோ கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்று சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"தேர்தல் முடியட்டும், மூடிக்கலாம்," என்றார் தலைவர். "அதுவரைக்கும் காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும்."

சைகையக்காவுக்கு முன்னால் கேமரா கண்ணாடி. விளக்குத்தான் அணைந்திருந்தது, படம் போய்க்கொண்டுதான் இருந்தது. வெளியே ஓடலாம், கத்தலாம், அதற்குள் பஸ்ஸை யார் நிறுத்துவது? அவள் கையைத் தூக்கினாள்.

இடது முழங்கையை மடக்கித் தூணாக நிறுத்தினாள். வலது கையால் அதன் அடியிலிருந்து மண்ணை அள்ளி அள்ளி எடுத்தாள். தூண் சாய்ந்தது. பொறியாளர் சொன்னது, தலைவர் சொன்னது, அந்த இரண்டு பேர் சிரித்தது, ஒன்று விடாமல் கை சொல்லிக்கொண்டு போனது. ஆனால் பார்ப்பது யார்? கை கீழே போனால் அங்கே எல்லோரும் டீக்கு எழுந்துவிடுவார்கள், அவளே பழக்கிவிட்ட பழக்கம் அது. அம்மா அடுப்படியில் இருந்தால்? தச்சர் கண்ணயர்ந்திருந்தால்? பதில் சொல்லாத ஒரு கண்ணாடியைப் பார்த்து உயிர் போகிற சேதியைச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

செயலர் கவனித்துவிட்டார். தூரத்திலிருந்தே கையை இறக்கச் சொல்லிக் காட்டினார். அவள் பார்க்காதது மாதிரி நின்றாள். கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு பூனை மாதிரி பக்கத்தில் வந்து, விளக்கு அணைஞ்சிருக்கு, தெரியலையா என்று முணுமுணுத்தார். அவள் கை அதையும் சொன்னது. வேலை போயிடும்மா என்றார். கை அதையும் சொன்னது, கண்ணாடி என்ற பெயரோடு சேர்த்து. தன் வாயிலிருந்து விழுவதெல்லாம் திரைக்குப் போகிறது என்று மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினார், படத்தை நிறுத்தச் சொல்ல. மேலே கேமராக்காரர் மசியவில்லை. படத்தை அறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு, நான் உள்ளே போகத் தயாரில்லை, நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தால் நிறுத்துகிறேன் என்றார். எழுதிக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இதெல்லாம் முதுகுக்குப் பின்னால் நடந்ததால் தலைவருக்குத் தெரியவில்லை. மூடுவதைத் தேர்தல் வரை தள்ளி வைக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கேள்வியை அவள் முதலில் சைகையில் சொல்லி முடித்தாள். பிறகு மண்டபத்தில் கைகள் எழுந்தன. கடைசி வரிசைப் பெண் உறுப்பினர் ஒருத்தர் மட்டும் தூக்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு மறுபடி எரிந்தது, அடுத்த பொருள் பூங்கா நடைபாதை. அவள் பூங்கா நடைபாதையையும் சொன்னாள். அந்த நடைபாதையில் என்ன கல் பதிக்கலாம் என்று அவர்கள் பேசிய பேச்சு முடிவேனா என்றது.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் வந்தது. ஒன்று, பிறகு பத்து, பிறகு ஓயவே இல்லை. செயலர் வந்து தலைவர் காதில் சொன்னார்: காது கேட்காத நாலைந்து பேர் பாலத்து வாயில் நடுரோட்டில் நிற்கிறார்கள், பஸ் நிற்கிறது, பின்னால் ஊரே நிற்கிறது. ஹார்ன் அடித்து அடித்துப் பேட்டரி தீர்ந்தால்கூட அவர்களுக்கு என்ன வந்தது? சைகையக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்த்திருக்கிறார்கள்.

போய் விலக்கச் சொல்லுங்கள் என்றார் தலைவர். யார் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது? எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

தலைவர் காரிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் அவர் மீசையைத் தடவிக்கொண்டு, பாலம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும்மா, வேறொன்றும் வேண்டாம் என்றார். உன் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது இல்லையா என்றும் கேட்டார், அக்கறையாகக் கேட்கிற மாதிரி. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"நீங்க சொல்றதை அவங்களுக்குச் சொல்வேன். அவங்க சொல்றதை உங்களுக்குச் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

பாலத்து வாயில் அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸின் மூக்கு அவள் தோளைத் தொடுகிற தூரத்தில் இருந்தது. பக்கத்தில் தையல்காரம்மா, தச்சர், இஸ்திரிக் கடைக்காரர்கள். பயணிகள் எல்லாம் இறங்கி நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங் முன்னால் சைகையக்காவின் புருஷன் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். மாமியார் கையை விரித்து நின்ற பிறகு எந்த மருமகன் பஸ்ஸை எடுப்பான்? அவருக்குச் சைகை அரைகுறைதான். அத்தை என்னமோ பாலம் விழும் என்கிறாள், எனக்கு அவ்வளவுதான் புரிகிறது என்று கூட்டத்தாரிடம் சொல்லி மாளவில்லை.

தலைவர் இறங்கியதும் கூச்சல் அடங்கியது. அவர் பழக்கப்பட்ட சிரிப்போடு கையெடுத்துக் கும்பிட்டார். பாலம் இரும்பு மாதிரி இருக்கிறது, வதந்தியை நம்ப வேண்டாம், பாவம், கேட்காதவர்கள் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றார். சைகையக்கா அதை அப்படியே, அந்தப் பாவத்தையும் சேர்த்து, அம்மாவுக்குச் சொன்னாள்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் கை பேசியது. மகள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னாள்.

"பாலம் நல்லா இருந்தா சரி. இந்த பஸ்ஸுல முதல்ல நீங்க ஏறுங்க. அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க. நாங்க வழி விடறோம்."

சொல்லிவிட்டு அம்மா ஓரமாக நகர்ந்தாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள். பாதை திறந்துவிட்டது.

கூட்டம் தலைவரைப் பார்த்தது. கதவு புஸ்ஸென்று திறந்தது. "ஏறுங்க தலைவரே, டிக்கெட் வேண்டாம்," என்றார் சைகையக்காவின் புருஷன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது, தூண் சங்கதி இன்னும் தெரியாதே. அப்போதுதான் சைகையக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது. தலைவர் ஏறிவிட்டால் பஸ்ஸை ஓட்டப் போவது யார்? கௌரவத்துக்காக இந்த மனுஷன் ஏறித் தொலைத்தால்? வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவள் இப்போது ஒரு வார்த்தை சொந்தமாகச் சொன்னால், எல்லாமே அவள் கட்டிய கதை என்று சொல்லிவிட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அந்தப் பக்கம் புருஷன் உயிர். அவர் பார்க்கிற இடத்தில் போய் நின்றுகொண்டாள், வண்டி அசைந்தால் அம்மா மாதிரியே முன்னால் விழுவதென்று.

தலைவர் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். தலையைத் திருப்பி நடுத் தூணைப் பார்த்தார். பின்னால் ஜீப்பில் வந்து இறங்கியிருந்த பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

படியில் வைத்த கால் கீழே இறங்கியது.

அதற்குச் சைகை தெரிந்திருக்க வேண்டியதில்லை, மொழிபெயர்க்க ஆளும் வேண்டியதில்லை. மில்லுக்குப் போகிற பெண் ஒருத்தி, பிள்ளைங்களை மட்டும் ஏத்தி அனுப்பலாமோ என்று கேட்டாள். கத்தவில்லை, சும்மாதான் கேட்டாள். சைகையக்காவின் புருஷன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அப்போதே பாலத்தை மூடினார்கள். தண்ணீர் வடிந்தபோது நடுத் தூண் ஆடுகிற பல் மாதிரி நின்றதை எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றைய கேபிள் பதிவில் சத்தம் இல்லை, ஆனால் தூக்கிய கைகள் இருந்தன, எதற்குத் தூக்கினார்கள் என்று சொல்ல ஓரத்தில் சைகையக்காவின் கை இருந்தது. தெருவுக்குத் தெரு அந்தந்த உறுப்பினரை நிற்க வைத்து, நீ எதுக்குய்யா கை தூக்கினே என்று கண்ணில் விரலை விட்டு ஆட்டினார்கள். கை தூக்காத அந்தப் பெண் உறுப்பினரையும் விடவில்லை, வாயை ஏன் திறக்கலே என்று கேட்டார்கள். சத்தமும் அறுபடக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பைத் திருத்தியது, பொத்தானைப் பிடுங்கினார்கள். சைகையக்காவை வீட்டுக்கு அனுப்ப மன்றத்துக்கு ஆசைதான், ஆனால் அந்த வேலைக்கு ஊரில் வேறு ஆள் இல்லை. செயலர் இப்போதெல்லாம் அவள் பக்கத்தில் வந்தால் இருமக்கூட யோசிக்கிறார்.

ஊர் விசாரணை கிடக்கட்டும். அவளுக்கான விசாரணை அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது. சிநேகிதர்கள் போய்விட்டார்கள். புருஷன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா எதிரே வந்து உட்கார்ந்து, மகளின் கன்னத்து மச்சத்தில் இரண்டு தட்டுத் தட்டிக் கூப்பிட்டாள்.

முன்னாலெல்லாம் நீ கையைக் கீழே போடுவாயே என்று கேட்டாள். அப்போதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்களா?

சைகையக்கா ஆமாம் என்று தலையசைத்தாள்.

யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றாள் அம்மா. எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஓட்டும் போட்டேன்.

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். சைகையக்காவுக்கு அடக்க முடியவில்லை, குழந்தை மாதிரி அழுதாள். குழாய் ஒழுகுகிறது என்று பொய் சொன்ன அன்றும் இப்படித்தான் அழுதாள். மகள் அழுது முடிக்கட்டும் என்று அம்மா காத்திருந்தாள். பிறகு, முதலிலிருந்து சொல்லு என்றாள். நினைவிருக்கிற வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லு.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. மகள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். இரு என்று அம்மா எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.